தமிழ் புரியும், பேச வராது: இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

முதல் வகுப்பிலேயே வெண்பலகையில் அ, ஆ, இ, ஈ எழுதிப்போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தியாக இருந்தவள்தான். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்து ஓரமாக நாலு மேசையைப் போட்டு, சனிக்கிழமை மாலையில் தமிழ் வகுப்பு ஆரம்பித்த புதிது. இரண்டு மாதத்தில் பிள்ளைகள் 12 உயிரெழுத்தையும் 18 மெய்யெழுத்தையும் அச்சடித்த மாதிரி எழுதினார்கள், எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி, அவர்களில் ரொம்ப நன்றாக எழுதுகிற பையனைப் பார்த்து, "யாரு வீட்டுப் புள்ளப்பா நீ, எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். கேள்வி புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பதில் மலாயில் வந்தது, அதுவும் பாட்டியிடம் இல்லை, என்னிடம்.

அன்றைக்கு அந்த எழுத்துப் புத்தகங்களை அலமாரியில் வைத்தவள், மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கைகொடுத்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படிக்கிற பிள்ளைக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. மலாய்மொழியில் நடக்கிற தேசியப் பள்ளிக்கோ சீனப் பள்ளிக்கோ போய், வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் மலாயிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிற பிள்ளைகளுக்கும், தமிழே தெரியாமல் வந்து கற்றுக்கொள்ள ஆசைப்படும் பெரியவர்களுக்கும் உரியது. (இடையில் ஒரு விஷயம்: தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. பல பெற்றோர்களுக்கு இது தெரியாது. முதலில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், அப்புறம் எங்கள் மண்டபத்துக்கு வாருங்கள்.)

பாடத்திட்டத்தில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று தனித்தனிக் கட்டமாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கேட்டல், செவ்வாய்க்கிழமை பேச்சு என்று பிரித்து, கேட்டலுக்கு ஒரு கதை, பேச்சுக்கு வேறொரு தலைப்பு, எழுத்துக்கு அதற்கும் சம்பந்தமில்லாத இன்னொன்று என்று நடத்தினால் பிள்ளை ஒவ்வொரு நாளும் புதுச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காதால் கேட்கட்டும், அப்புறம் வாயால் சொல்லட்டும், பிறகு அதையே வாசிக்கட்டும், கடைசியில் எழுதட்டும். நான்கு வகுப்புக்கு ஒரே பொருள் போதும். சலிக்காதா என்று கேட்பீர்கள். பாதிதான் புரிந்த ஒன்று பிள்ளைக்குச் சலிப்பதில்லை. ஆசிரியருக்குத்தான் சலிக்கும்.

பொருளுக்கு எங்கே போவது? எங்கள் மாதிரித் தோட்டப்புற ஊரில் அது பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. நான் முதன்முதலில் செய்தது, பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த ஒரு பாட்டியிடம் அனுமதி கேட்டு, கைப்பேசியில் ஒரே ஒரு நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்ததுதான். அவர் சொன்னது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "காலையில நாலு மணிக்கு எழும்பி, சோறாக்கி வச்சிட்டு, பெரட்டுக்குப் போவோம். அங்க பேரு கூப்பிடுவாங்க. அப்புறம் நிரைக்குப் போயி மரம் வெட்டுவோம். பாலு மங்குல சொட்டும். வெயில் ஏறுனதும் பால எடுத்து வாளில ஊத்தி, காண்டா போட்டுத் தூக்கிட்டு ஸ்டோருக்குப் போவோம்." அவ்வளவுதான். (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம், நிரை என்பது மர வரிசை, மங்கு பால் சொட்டுகிற கிண்ணம், காண்டா தோளில் போட்டு வாளி தூக்குகிற கம்பு.) இந்த ஒரு நிமிடத்தை வைத்து ஒரு மாதம் ஓட்டினேன்.

கேட்டலில் எல்லோரும் செய்கிற தப்பு, பதிவை ஓடவிட்டுவிட்டு "என்ன புரிந்தது?" என்று பொதுவாகக் கேட்பது. அது கேட்டல் பயிற்சி ஆகாது, ஞாபகசக்திக்கு வைக்கிற பரீட்சை. ஓடவிடுவதற்கு முன்னால் ஒரு வேலை கொடுங்கள். முதல் தடவை, பாட்டி எத்தனை இடத்துக்குப் போகிறார் என்று விரலால் எண்ணினால் போதும். இரண்டாம் தடவைக்கு மங்கு, வாளி, காண்டா, சோற்றுச்சட்டி, கத்தி என்று ஐந்து படங்களைக் கலைத்துக் கொடுத்து, எது முதலில் வருகிறதோ அந்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். பாட்டி கத்தி என்று வாயால் சொல்லவே இல்லை, மரம் வெட்டுவோம் என்றுதான் சொன்னார். அந்தப் படத்தை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள், அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டியது. மூன்றாம் தடவை, ஏதாவது ஒரு சொல் புரியாவிட்டால் கையைத் தூக்கட்டும், அங்கே நிறுத்துங்கள். பெரட்டு என்றால் என்ன என்று என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை, அவர்களுடைய தாத்தா பாட்டி எல்லோரும் வாழ்நாள் முழுக்கப் போன இடம் அது.

தமிழே தெரியாதவர்களுக்கு இதற்கும் முந்தின படி ஒன்று உண்டு: பேசவே சொல்லாமல் செய்யச் சொல்வது. எழு, உட்கார், கதவைத் திற, மங்கை எடு, தண்ணீரை வாளியில் ஊற்று. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார், குழந்தை பேசுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் சொன்னதைக் கேட்டுச் செய்கிறதல்லவா, அதே தர்க்கம்தான். என் வகுப்புக்கு வருகிற மலாய்த் தாதி ஒருவர் முதல் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை, சொன்னதையெல்லாம் செய்தார், நான்காம் வாரம் அவரே எனக்குக் கட்டளை போட ஆரம்பித்துவிட்டார்.

அதே தாதி எனக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் கிளினிக்கில் வயதான அம்மா ஒருவரிடம் "பாட்டி, கல் வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். கால் என்பது கல் ஆகிவிட்டது. மலாய்மொழியில் குறில், நெடில் என்று பொருள் மாறுகிற வேறுபாடு கிடையாது, மெய் இரட்டிப்பதாலும் பொருள் மாறாது. அந்தக் காதுக்குக் கல்லும் காலும் ஒன்று, புளியும் புள்ளியும் ஒன்று. ஆகவே ஒரு வகுப்புக்கு ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்: பல் பால், எடு ஏடு, புளி புள்ளி, கனி கன்னி. நீங்கள் ஒன்றைச் சொன்னால் அவர்கள் சரியான படத்தைத் தொட வேண்டும், சொல்லவே வேண்டாம், காது பிரித்துக் கேட்க ஆரம்பித்தால் நாக்கு பின்னாலேயே வரும். ழகரத்துக்கு இவ்வளவு பாடுபடாதீர்கள் என்பது என் கட்சி. இங்கே பாதிப்பேர் வாளப்பளம் என்றுதான் சொல்கிறோம், யாருக்கும் பழம் கிடைக்காமல் போனதில்லை. கால், கல் ஆனால்தான் சிக்கல்.

அடுத்து பேச்சு. "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அவனுக்கு எல்லாம் புரிகிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்" என்று வாரத்துக்கு ஒரு அம்மாவாவது சொல்லுவார். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கனடாவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைப் பிரெஞ்சுமொழியிலேயே வருடக்கணக்கில் படிக்கவைத்த பள்ளிகளில், பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாகவும் பேச்சிலும் எழுத்திலும் தடுமாறுகிறவர்களாகவும் இருந்தார்கள். மெரில் ஸ்வெயின் என்ற மொழியியலாளர் 1985இல் இதை வைத்துத்தான், கேட்டால் மட்டும் போதாது, பேசியே ஆகவேண்டிய கட்டாயம் வரவேண்டும் என்று எழுதினார். வீட்டில் நம் பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மலாயில் சொன்னாலும் அம்மாவுக்குப் புரிகிறதே. வகுப்பில் அந்தக் கட்டாயத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும், அதட்டி உண்டாக்கக் கூடாது.

எப்படி என்றால், ஒருவரிடம் இருக்கிற தகவல் இன்னொருவரிடம் இருக்கக் கூடாது. இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவையுங்கள். ஒருவரிடம் பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைகளின் படம், எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று போட்டது. மற்றவரிடம் வெறும் கட்டங்கள். கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். "அப்பம் விக்கிற கடை எங்க இருக்கு?", "மீன் கடைக்குப் பக்கத்துல." பக்கத்தில், எதிரே, பின்னால், நடுவில் என்பதெல்லாம் இலக்கணப் பாடமாக நடத்தினால் ஒரு மாதம் ஆகும், இங்கே இருபது நிமிடத்தில் தேவைக்காகவே வந்துவிடும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்துப் பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்களாம், அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீண்டுவிடுகின்றன. இரண்டாம் மொழியில் யோசிக்கிற பிள்ளைக்கு நான் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். ஐந்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும், மண்டபத்து மின்விசிறிச் சத்தம் முழுக்கக் கேட்கும்.

பாட்டியின் கதையைச் சொல்லவைக்க இன்னொரு வழி: ஒரு பிள்ளை அதை நாலு நிமிடத்தில் ஒருவருக்குச் சொல்லட்டும், பிறகு ஆளை மாற்றி மூன்று நிமிடத்தில், திரும்ப மாற்றி இரண்டு நிமிடத்தில். அதே கதை, புது ஆள், குறைந்த நேரம். சரளம் வருவதற்கு இதைவிட எளிதான பயிற்சியை நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நாலு நிமிடம் மிக அதிகம், ஒன்றரை நிமிடத்தில் தொடங்கி, ஒன்று, அப்புறம் முக்கால் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

திருத்துவது பற்றி. "டீச்சர், நான் நேத்து கம்போங் போனான்." (கம்போங் என்றால் கிராமம்.) மலாயில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது, நான் போனாலும் அவன் போனாலும் ஒரே சொல்தான். அதனால் தமிழ் வினையின் வால் அவர்களுக்குக் கேட்பதே இல்லை. நடுவில் வெட்டி "போனான் இல்ல, போனேன்!" என்று கத்தினால் கம்போங்கில் என்ன நடந்தது என்று தெரியாமலே போய்விடும். "அப்படியா, நீ நேத்து கம்போங் போனியா? நானும் போனேன்" என்று சரியான வடிவத்தைப் பேச்சுக்குள்ளேயே திருப்பிக் கொடுத்துவிட்டு விடுங்கள். தாளில் குறித்து வைத்துக்கொண்டு, வகுப்பு முடிவதற்கு முன் இரண்டு மூன்று தவறுகளை மட்டும், யார் சொன்னது என்று சொல்லாமல், பலகையில் எழுதி எல்லோருமாகத் திருத்தலாம். வால்களுக்கு மட்டும் தனியாகப் பந்து விளையாட்டு: பந்தை எறிந்து "நாங்க" என்றால் பிடித்தவர் "போனோம்" என்க வேண்டும், "அவங்க" என்றால் "போனாங்க". மலாய்ச் சொல் கலந்தால் இருபது காசு அபராதம் என்று ஒரு வகுப்பில் வைத்திருந்ததைக் கேள்விப்பட்டேன். காசு சேர்ந்திருக்கலாம், பேச்சு நின்றுபோயிருக்கும்.

எந்தத் தமிழைப் பேசச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற மொழி ஆசிரியர்களுக்கு இவ்வளவு பெரிய தலைவலி இல்லை. பாட்டி "ஊத்தி" என்கிறார், புத்தகம் "ஊற்றி" என்கிறது. பாட்டி "போவாங்க" என்றால் புத்தகம் "போவார்கள்" என்கும். பிள்ளை இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், தான் வீட்டில் கேட்டதெல்லாம் தப்புத் தமிழ் என்று நினைத்துக்கொள்ளும், அல்லது "நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் பாட்டி" என்று செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசி, பாட்டி சிரித்து, அதோடு வாயை மூடிக்கொள்ளும். பேச்சுக்குப் பேச்சுத்தமிழ், வாசிப்புக்கும் எழுத்துக்கும் எழுத்துத்தமிழ், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பேச்சு நிலைபெற்ற பிறகு, வாசிப்புக்குள் நுழைகிற அன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இது வீட்டுச் சட்டை, இது பள்ளிச் சட்டை, ஆள் ஒன்றுதான். "மங்குல" என்பது "மங்கில்" ஆகிறது, "வச்சிட்டு" என்பது "வைத்துவிட்டு" ஆகிறது, "இருக்கு" என்பது "இருக்கிறது". பத்துப் பதினைந்து மாற்றங்கள் பிடிபட்டால் மற்றதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், துப்பறிகிற மாதிரி. தாதி மாதிரி நோயாளியிடம் பேச மட்டும் விரும்புகிறவர்களுக்கு எழுத்துத்தமிழை ஒரு வருடத்துக்குத் தொடவே வேண்டாம்.

வாசிப்புக்கு இப்போதுதான் எழுத்துகள். 247 என்ற எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். மலாய் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லை அசை அசையாகப் பிரித்துப் படித்துப் பழக்கம் இருக்கும், பா பி பு என்று சுக்கு காத்தா (மலாய் அசைப் பாடம்) படித்த பிள்ளைதானே. உயிர்மெய்யும் அதே கணக்குத்தான், ஒரு எழுத்து ஓர் அசை என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும். அகர வரிசையில் போகாமல், கோடு எளிதாக இருக்கிற ட, ப, ம, ய ஆகியவற்றோடு தொடங்கினால் முதல் வகுப்பிலேயே படம், பட்டம், மடம் என்று சொற்களையே வாசித்துவிடலாம், வாசித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போவார்கள். மாட்டிக்கொள்கிற இடம் இரண்டு. ஒன்று கு, டு, து, பு, மு என்கிற உகர வரிசை, ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வளைகிறது, அதற்கு விதி தேடாமல் நிதானமாக மனப்பாடம் செய்யவையுங்கள். மற்றது கெ, கே, கை, கொ: குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக அப்படியே படித்துப் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். அட்டையில் கொம்பைத் தனியாக வெட்டி, க, ப, ம என்று ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் நகர்த்தி நகர்த்திக் காட்டினால் சரியாகிவிடும்.

முதல் வாசிப்புப் பாடம் பாட்டியின் கதையேதான், நான் எழுத்துத்தமிழில் மாற்றி எழுதியது. காதுக்குப் பழகிய கதை என்பதால் கண் தடுமாறினாலும் மூளை இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்த பாடத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போனேன்: குவாலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கிற பழைய ரப்பர் மரம். 1877இல் அங்கே நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது. பாட்டி வெட்டிய மரங்களுக்கெல்லாம் தாத்தா என்று எட்டு வாக்கியத்தில் எழுதினேன். புதுப் பாடம் எழுதும்போது ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்: ஹூ, பால் நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, உதவியில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள 98 விழுக்காட்டுச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நூறு சொல்லில் தெரியாதது இரண்டு. நாளிதழைக் கொடுத்து வாசி என்றால் பிள்ளை ஏன் ஓடுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். நாளிதழ் வேண்டுமானால் தலைப்புகளை மட்டும் வெட்டி, படத்தோடு பொருத்தச் சொல்லுங்கள். உரக்க வாசிக்கவைப்பது உச்சரிப்புக்கு நல்லது, புரிதலுக்கு இல்லை. மணிமணியாக வாசித்துவிட்டு மரம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். மௌனமாக வாசித்து ஒரு கேள்விக்கு விடை தேடட்டும்.

எழுத்துக்குச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் மேலே சொன்ன மூன்றும் நடந்திருந்தால் இது பாதி முடிந்த வேலை. பார்த்து எழுதுவது கைக்கு நல்லது, வாரம் ஐந்து வரி போதும். அதற்கு மேல், கேட்டு எழுதலைக் கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள்: நாலைந்து வாக்கியத்தை இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள், பிள்ளைகள் காதில் விழுந்த சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும், பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து அந்தச் சொற்களை வைத்து முழுப் பத்தியையும் திரும்பக் கட்டட்டும். என்னுடையதைப் போலவே இருக்க வேண்டியதில்லை, பொருள் வந்தால் போதும். "ஊற்றினாரா, ஊற்றினாளா, பாட்டிக்கு எது போடணும்?" என்று அவர்களே விவாதிப்பார்கள், அப்போது கேட்டல், பேச்சு, எழுத்து, இலக்கணம் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் ஒளித்துவையுங்கள். ஒரு வாரம் வினையின் வாலை மட்டும் திருத்துங்கள், அடுத்த வாரம் வேற்றுமை உருபை மட்டும். க், ச், த், ப் மிகுமா மிகாதா என்பதற்குப் படித்துப் பட்டம் வாங்கியவர்களே திணறும்போது பத்து வயதுப் பிள்ளையை அதற்காக ஏன் அழவைக்க வேண்டும்.

எழுதியதை யாராவது படிக்க வேண்டும், ஆசிரியர் அல்லாத யாராவது. பாட்டியின் கதையை எழுதியவர்கள் அதைப் பாட்டிக்கே எடுத்துக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினார்கள். அவர் இரண்டு இடத்தில் திருத்தினார், இலக்கணத்தை இல்லை: ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கிற பால்) எடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதையும் போடு என்றார். நாலு மணிக்கு ஏன் எழும்பினீர்கள் என்று ஒருத்தி கேட்டாள், தமிழில், நான் தூண்டாமல். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறிவிட்டால் குறைந்துபோகும் என்று பாட்டி விளக்கி, அது பத்து நிமிடம் போனது. கைப்பேசியில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வாட்சாப்பில் வாரம் ஒரு செய்தியைத் தமிழ் எழுத்திலேயே தங்கள் பாட்டிக்கோ மாமாவுக்கோ அனுப்ப வேண்டும், வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

முன்னேற்றத்தைப் பார்க்கப் பரீட்சை வைக்காதீர்கள். ஒரே படத்தை வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையது பசார் மாலாம் படம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். கோப்புக்குத் தேதி போட்டு வையுங்கள், அழித்துவிடாதீர்கள். நான் முதல் வருடப் பதிவுகளைக் கைப்பேசி மாற்றும்போது தொலைத்துவிட்டேன், பெற்றோர் வந்து என் பிள்ளை என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்டபோது கையில் காட்ட எதுவும் இல்லாமல் நின்றேன். இப்போதெல்லாம் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டிவிடுகிறேன், மதிப்பெண் பற்றி யாரும் கேட்பதில்லை.